பல்லைத் தளர்த்துவது எது?

ஈரானித் தேநீரும் உஸ்மானியா பிஸ்கட்டும் இல்லாத ஹைதராபாத் மாலையை நினைத்துப் பார்ப்பது கடினம். தேநீர் பல்லில் கறையைத்தான் விடுகிறது. பிஸ்கட்டின் மாவும் சர்க்கரையுமோ பல்லின் மீது படரும் நுண்ணுயிர்ப் படலத்துக்கு உணவாகின்றன. அப்படலத்தை அன்றாடம் துலக்கி அகற்றாவிடில், உமிழ்நீரிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் அதில் படிந்து சில நாட்களிலேயே இறுகத் தொடங்கும். பற்காரை என்பது இதுவே. உமிழ்நீர் வந்து விழும் இடங்களான கீழ் முன்பற்களின் உட்புறத்திலும் மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப்புறத்திலும் இது மிகுதி. இறுகிய காரையைப் பற்பசையால் நீக்க இயலாது.

‘சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும்’ என்ற அச்சம் நம்மிடையே பரவலானது. அதற்கு ஒரு காரணமும் உண்டு. ஈறு நோயால் எலும்பு கரைந்துபோன பற்களை, ஆண்டுக்கணக்கில் சேர்ந்த காரை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கும். அதை நீக்கியதும், முன்பே இருந்த ஆட்டமும் இடைவெளியும் வெளிப்படுகின்றன. பழி மட்டும் மருத்துவர்மீது விழுகிறது!

நலமான ஈற்றில் பல்லைச் சுற்றியுள்ள பள்ளம் 1 முதல் 3 மில்லிமீட்டர் வரையே இருக்கும். அதைவிட ஆழமானால் மேற்பரப்பைச் சுத்தம் செய்வது போதாது. மரத்துப்போகும் ஊசி போட்டு, ஈற்றுக்குக் கீழே வேர்வரை காரையை எடுக்க வேண்டும். வாயின் பகுதி பகுதியாக, பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட வருகைகளில் இது நடைபெறும். நொடிக்குச் சுமார் 25,000 முறையோ அதற்கு மேலோ அதிரும் கருவியின் நுனி காரையை உடைக்க, உடன் பீச்சும் நீர் வெப்பத்தைத் தணிக்கும். சில நாட்களுக்குப் பல் கூசலாம், பிறகு தணியும். நீரிழிவு உள்ளவர்களும் இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்களும் அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது அவசியம். நீரிழிவு ஈறு நோயை வளர்க்கிறது. ஈறு நோயோ சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதைக் கடினமாக்குகிறது.

செலவைப் பற்றியும் ஒரு சொல். வழக்கமான மருத்துவக் காப்பீடுகள் பலவும், விபத்தால் நேர்ந்ததன்றி, பல் சிகிச்சையை ஏற்பதில்லை. வெளிநோயாளர் செலவைத் தனியே ஏற்கும் திட்டங்கள் சில உண்டு. ஆவணத்தைப் படித்துப் பார்த்தபின் புதுப்பிப்பது நன்று. தனியார் கட்டணம் கனமானால், அஃப்சல்கஞ்சில் உஸ்மானியா பொது மருத்துவமனை அருகே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காலையிலேயே சென்றுவிடுவது நல்லது.