பதினான்கு எப்படி வந்தது?

பசறை வீதியிலுள்ள தோட்டமொன்றில் மாலை வகுப்பு நடத்துகிறேன். மகளை அழைத்துப்போக வந்த ஒரு தாய் கேட்டார்: "டீச்சர், கட்டார்ல இருக்க மகன்கிட்ட வாட்ஸ்அப்ல பேசுறத நடுவுல யாரும் கேக்க மாட்டாங்களா?"

பேச்சைப் பூட்டத்தான் செய்கிறார்கள். ஆனால் பூட்டிய சாவியை அந்தப் பக்கம் எப்படி அனுப்புவது? சாவியும் அதே வழியாகத்தானே போகவேண்டும்? 1976இல் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் இதற்கு ஓர் அற்புதமான வழி சொன்னார்கள். அதைச் செய்துகாட்ட அடுத்த நாள் இரண்டு பிள்ளைகளைக் கரும்பலகைக்கு அழைத்தேன்.

5, 23 இரண்டும் எல்லோருக்கும் தெரிந்த எண்கள். ஒருத்தி மனதுக்குள் 7ஐ வைத்துக்கொண்டாள், மற்றவள் 3ஐ. முதலாமவள் ஏழு ஐந்துகளை ஒன்றோடொன்று பெருக்கி 23ஆல் வகுத்தாள், மீதி 17. மற்றவள் மூன்று ஐந்துகளைப் பெருக்கி வகுத்தாள், மீதி 10. இந்த மீதிகளை வகுப்பே கேட்கச் சொன்னார்கள். பிறகு ஒருத்தி ஏழு பத்துகளையும், மற்றவள் மூன்று பதினேழுகளையும் பெருக்கி 23ஆல் வகுத்தார்கள். இருவருக்கும் மீதி 14! யாரும் வாய்விட்டுச் சொல்லாத அந்த 14தான் சாவி.

23 சின்ன எண் என்பதால் ஒரு பையன் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து 7ஐப் பிடித்துவிட்டான். நடைமுறையில் அறுநூறு இலக்கங்களுக்கு மேல் நீளும் எண்களைப் போடுவார்கள். அங்கே அந்த வித்தை பலிக்காது. வாட்ஸ்அப்பில் இருப்பது இதே கணக்கின் இன்னொரு வடிவம். சாவி கிடைத்தபின் செய்தியைப் பூட்டுவது, 2001இல் அமெரிக்கா தரமாக ஏற்ற ஏஇஎஸ் போன்ற முறை.

"நடுவுல ஒருத்தன் மகன் மாதிரி நடிச்சா?" என்று அந்தத் தாயின் மகள் கேட்டாள். அருமையான கேள்வி. பூட்டுக்கு ஆளைத் தெரியாது. ஆளை உறுதிசெய்ய இருப்பது டிஜிட்டல் ஒப்பம்: தன்னிடம் மட்டுமுள்ள சாவியால் ஒருவர் ஒப்பமிட, அதன் ஜோடிச் சாவியால் எவரும் சரிபார்க்கலாம். மின்னணு ஒப்பத்துக்கு இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இடமளிக்கிறது. வாட்ஸ்அப்பில் ஆளைச் சரிபார்க்க ஒவ்வொரு உரையாடலுக்கும் 60 இலக்கப் பாதுகாப்பு எண் உண்டு. இரு போனிலும் அது ஒன்றாக இருந்தால் நடுவில் ஆள் இல்லை.

பேங்கிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஓடிபி (ஒருமுறை மட்டும் செல்லும் கடவு எண்) கேட்பவர் இந்தக் கணக்கு எதையும் உடைப்பதில்லை. ஆள்மாறாட்டம் செய்து சாவியை உங்களிடமே வாங்கிக்கொள்கிறார். அம்மாமாரே, ஓடிபி எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். மகன் லீவில் வந்ததும் இரண்டு போனையும் பக்கத்தில் வைத்து அந்த 60 இலக்கங்களை ஒருதடவை ஒப்பிட்டுப் பாருங்கள்.