சால்வையை விற்பதா, குறிப்பை விற்பதா?

கற்பனைக் கதைப் புத்தகங்களை வாசித்து, அவற்றில் வரும் காடுகளையும் நட்சத்திரங்களையும் பறக்கும் நாகங்களையும் கம்பளி நூலில் சால்வையாகப் பின்னுகின்ற ஒரு தொழில் மேல்நாடுகளில் நடக்கிறது என்றால் நமது புறக்கோட்டை வியாபாரிகள் சிரிப்பார்கள். நானும் புடவை வியாபாரிதான். இந்த நாட்டு வெயிலில் கம்பளிச் சால்வைக்கு நுவரெலியாவைத் தாண்டினால் ஆளில்லை. ஆனாலும் இத்தொழிலின் கணக்கைப் பார்க்க வேண்டிய தேவை எனக்கு வந்தது.

லண்டனில் இருக்கும் என் ராத்தாவின் மகள் இதைத்தான் செய்கிறாள். அங்கே ஒரு கடைக்காரர் அவளுடைய முக்கோணச் சால்வையொன்றைப் பார்த்து, அதே மாதிரி 20 வேண்டும், ஒன்றுக்கு 120 பவுண் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். "மாமா, இந்த ஓடரை எடுக்கவா, விடவா?" என்று கேட்டாள். 120 பவுண் என்றவுடன் நம் காசில் பெருக்கிப் பார்த்து வாய் பிளக்கத் தோன்றும். பெருக்குவதற்கு முன்னர் பொருளை விளங்கிக்கொள்ள வேண்டும்.

லேஸ் என்றால் நமக்கு காலி, வெலிகமப் பக்கத்து பீரலு றேந்தைதான் நினைவுக்கு வரும். அது தலையணையில் ஊசி குத்தி, மரக் கட்டைகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் போட்டுச் செய்வது. நான் சொல்லும் சால்வை வேறு. இரண்டு பின்னல் ஊசிகள், ஒரே நூல், அவ்வளவுதான். நூலை ஊசியில் ஒருமுறை சும்மா சுற்றி எடுத்தால் அந்த இடத்தில் ஓர் ஓட்டை விழும். கண்ணிகளில் ஒன்று கூடும். கூடியதைக் குறைக்கப் பக்கத்தில் இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாகப் பின்ன வேண்டும். ஓட்டையை எங்கே வைப்பது, சேர்ப்பை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதில்தான் இலை வருவதும் சிறகு வருவதும் இருக்கிறது. வரவும் செலவும் ஒவ்வொரு வரியிலும் சரிக்குச் சரி நிற்க வேண்டும். நமது பேரேட்டைப் போலத்தான்.

நூல் மிக மெல்லியது. 100 கிராமில் ஏறக்குறைய 800 மீற்றர் இருக்கும். பின்னி முடித்த கையோடு பார்த்தால் கசங்கிய துணி மாதிரித்தான் கிடக்கும். அதை நனைத்து, நாலா பக்கமும் இழுத்து, ஓரம் முழுக்க குண்டூசி குத்திக் காய வைத்த பிறகே ஓட்டைகள் திறந்து பூவும் இலையும் தெரிய வரும். நனைக்காத சால்வையைப் பார்த்து விலை பேசுகிறவருக்கு இந்தச் சரக்குத் தெரியாது என்று அர்த்தம்.

கதை எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். டோல்கீன் என்ற ஆங்கிலப் பேராசிரியர் 1954, 1955 ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளியிட்ட 'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' நாவலில், பொன் நிற இலைகளைக் கொண்ட ஒரு காட்டில் வாழும் மக்கள், பயணிகளுக்குச் சாம்பல் நிற மேலாடைகளைக் கொடுக்கிறார்கள். அதைக் கழுத்தில் பூட்டுவதற்கு இலை வடிவிலான ஊக்கு. 2001 முதல் 2003 வரை அது மூன்று திரைப்படங்களாக வந்தது. அந்த மேலாடைக்குத் துணி நெய்து கொடுத்த நியூசிலாந்தின் ஸ்டான்ஸ்பரோ என்ற நிறுவனம் தன் சொந்தச் சாம்பல் நிறச் செம்மறியாட்டுக் கம்பளியில் நெய்தது. படத்தினால் அதன் பெயர் உலகெங்கும் போனது. 2014 இல் 'அவுட்லேண்டர்' தொலைக்காட்சித் தொடர் வந்தபோதும் இதே கதைதான். அதன் கதாநாயகி போட்டிருந்த சால்வையையும் கழுத்துப் பட்டியையும் தாங்களே பின்ன வேண்டுமென்று பின்னல் தெரிந்த பெண்கள் நூல் தேடிப் புறப்பட்டார்கள்.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய விடயம் இருக்கிறது. இந்த வாடிக்கையாளர் சால்வை வாங்க வருகிறவர் அல்லர். அவருக்குப் பின்னத் தெரியும். பின்னுவதுதான் அவருடைய பொழுதுபோக்கு. அவருக்கு வேண்டியது எந்த வரியில் எத்தனை கண்ணி, எங்கே ஓட்டை என்று சொல்லும் பெட்டர்ன், அதாவது பின்னல் குறிப்பு. கட்டம் போட்ட தாளில் ஒரு கட்டத்துக்கு ஒரு கண்ணி என்று அடையாளமிட்டு வரைந்திருப்பார்கள். 2007 இல் அமெரிக்காவில் ஆரம்பித்த ராவல்ரி போன்ற இணையத்தளங்களில் இக்குறிப்பை வாங்கி, இறக்கி, அச்சடித்துக்கொள்ளலாம். ஒருமுறை வரைந்ததை ஆயிரம் பேருக்கு விற்கலாம். கப்பலும் இல்லை, சுங்கமும் இல்லை.

இனி மருமகளின் கணக்குக்கு வருவோம். ஒரு சால்வைக்கு அவளுக்கு 60 மணித்தியாலம் போகிறது. 20 சால்வைக்கு 1200 மணித்தியாலம். வருமானம் 2400 பவுண். நூல் ஒன்றுக்கு 20 பவுண் வீதம் 400 போக மிச்சம் 2000. மணித்தியாலத்துக்கு 1 பவுண் 67 பென்ஸ் விழுகிறது. 2024 ஏப்ரலில் இங்கிலாந்தில் 21 வயதுக்கு மேற்பட்டவருக்குச் சட்டம் நிர்ணயித்த ஆகக் குறைந்த கூலி மணித்தியாலத்துக்கு 11 பவுண் 44 பென்ஸ். கடையில் பெட்டி தூக்கியிருந்தாலும் இதைவிட ஆறு மடங்குக்கு மேல் கிடைத்திருக்கும்.

அந்தக் கடைக்காரரை நான் குறை சொல்லவில்லை. 120 க்கு வாங்கி 250 க்கு அவர் விற்றாக வேண்டும். அதற்கு மேல் கேட்டால் எந்த வாடிக்கையாளர் கொடுப்பார்? கைப் பின்னல் சால்வையின் உண்மையான கூலி எந்தக் காலத்திலும் விலைக்குள் அடங்கியதில்லை. ஸ்கொட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாண்ட் என்ற தீவுக் கூட்டம் இருக்கிறது. அதன் வட கோடியிலுள்ள அன்ஸ்ட் தீவின் சால்வைகள் மோதிரத்துக்குள்ளே நுழைந்து வரும் அளவுக்கு மெல்லியவை என்று விக்டோரியா மகாராணி காலத்திலேயே பேர் பெற்றவை. அதைப் பின்னிய பெண்கள் லேர்விக் பட்டினத்து வியாபாரிகளிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் காசு கிடைக்காது. தேயிலை, துணி என்று கடைச் சாமான்தான் கிடைக்கும். சாமான் உடனே வேண்டாம் என்றால் ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். அந்தச் சீட்டுக்கும் அதே கடையில்தான் சாமான். வீட்டில் மா இல்லாத பெண் கையில் தேயிலையை வைத்துக்கொண்டு, அதை மாவுக்கு மாற்ற வீடு வீடாக அலைந்திருக்கிறாள். 1872 இல் பிரித்தானிய அரசாங்கம் இதை விசாரிக்க ஆணைக்குழு வைத்தது. அந்தப் பெண்கள் கொடுத்த சாட்சியங்கள் அதன் அறிக்கையில் இன்றும் இருக்கின்றன. வியாபாரிகளும் சாட்சி சொன்னார்கள். காசு கொடுத்து வாங்கினால் தங்களுக்குக் கட்டாது என்பது அவர்கள் தரப்பு நியாயம். இதை வாசிக்கும்போது எனக்குக் கொஞ்சம் சங்கடமாகவே இருந்தது. நமது பக்கத்திலும் வீட்டிலிருந்து தைத்துக் கொடுக்கும் பெண்களுக்குக் காசுக்குப் பதிலாகத் துணியில் கழிக்கிறவர்களை நாம் அறிவோம்.

எஸ்தோனியா நாட்டின் ஹாப்சாலு என்ற கடற்கரை ஊர்ப் பெண்கள் இன்னொரு வழி கண்டார்கள். அவர்களுடைய சால்வைகளில் குமிழ் குமிழாகச் சின்னச் சின்ன முடிச்சுகள் நிறைய இருக்கும். அவ்வூர்ச் சால்வைக்கு அதுதான் அடையாளம். சால்வையை நிறுத்து வாங்கிய காலத்தில் நிறை கூடுவதற்காக அதிகம் போட்டார்கள் என்று சொல்வார்கள். நிறுவையில் வாங்குகிறவனுக்கு நிறுவையிலேயே பதில்!

பின்னல் குறிப்பை விற்பது மட்டும் இலேசான காரியம் என்று நினைக்க வேண்டாம். ஒரு குறிப்பு 5 பவுண் என்றால் 500 விற்றால் 2500 பவுண். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 500 விற்கும் என்று யார் சொன்னது? முப்பதோடு நின்றுபோகும் குறிப்புகளும் உண்டு. மாதிரிச் சால்வையை முதலில் தானே பின்ன வேண்டும். கணக்குப் பார்த்துத் திருத்துவதற்கென்றே இத்தொழிலில் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். பிறகு நாலைந்து பேரிடம் கொடுத்துப் பரீட்சார்த்தமாகப் பின்னச் சொல்ல வேண்டும். ஒரு கட்டத்தில் அடையாளம் மாறிவிட்டால் வாங்கிய அத்தனை பேருடைய சால்வையும் அந்த வரியில் கோணிவிடும். பிறகு இரவு பகலாகக் கடிதம் வரும். இவற்றோடு, ஒருத்தி வாங்கிப் பத்துப் பேருக்குப் பிரதி எடுத்துக் கொடுப்பதும் நடக்கிறது.

இன்னொரு பெரிய பள்ளம் பெயரில் இருக்கிறது. மருமகள் தன் சால்வைக்கு டோல்கீன் கதையில் வரும் இளவரசியின் பெயரை அப்படியே வைத்திருந்தாள். அங்கேதான் நான் தடுத்தேன். டோல்கீன் 1973 இல் காலமானார். இங்கிலாந்துச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 70 வருடங்களுக்குப் பதிப்புரிமை இருப்பதால் 2043 முடியும் வரை அவருடைய எழுத்து வாரிசுகளுக்குச் சொந்தம். கதாபாத்திரங்களின் பெயரைச் சரக்கில் போட்டு விற்கும் உரிமை வேறு கைக்குப் போய்விட்டது. 2022 இல் சுவீடனின் எம்பிரேசர் குழுமம் அதை விலைக்கு வாங்கியது. இலை யாருக்கும் சொந்தமில்லை, நட்சத்திரமும் சொந்தமில்லை. ஒரு காட்டை வாசித்து மனதில் தோன்றியதைப் பின்னுவதை யாரும் தடுக்க முடியாது. அந்தக் காட்டின் பெயரைப் போட்டு விற்கும்போதுதான் வக்கீல் கடிதம் வருகிறது.

கடிதம் வந்த கதைகள் உண்டு. 2008 இல் பீ.பீ.சி. நிறுவனம், 'டொக்டர் ஹூ' தொடரில் வரும் உருவங்களைப் பின்னும் குறிப்புகளை இணையத்தில் போட்டிருந்த ஒரு பெண்ணிடம் அவற்றை எடுக்கச் சொன்னது. அவர் அதை விற்கவுமில்லை, இலவசமாகத்தான் போட்டிருந்தார். 2013 இல் 'ஃபயர்ஃப்ளை' தொடரின் பின்னல் தொப்பியைக் கைப்படப் பின்னி எட்சி தளத்தில் விற்றவர்களுக்கு ஃபொக்ஸ் நிறுவனத்தின் அறிவித்தல் போனது. பல வருடங்கள் பேசாமலிருந்த நிறுவனம், அந்தத் தொப்பிக்கு வேறொருவருக்கு அனுமதி கொடுத்த பிறகே விழித்துக்கொண்டது. இந்த நேரக் கணக்கைக் கவனியுங்கள். சின்ன வியாபாரி சந்தையை உண்டாக்கும் வரை பெரியவர் பார்த்துக்கொண்டிருப்பார். முறைப்படி அனுமதி பெற்று வந்த 'ஹரி பொட்டர்' பின்னல் புத்தகமும் 'அவுட்லேண்டர்' பின்னல் புத்தகமும் 2020 இல் வெளியாயின. அனுமதி வாங்கும் வசதி பெரிய பதிப்பகத்துக்கு இருக்கிறது, வீட்டு மேசையில் கட்டம் வரைகிற பிள்ளைக்கு இல்லை.

ஆகவே நான் சொன்னது இரண்டு. 20 சால்வை ஓடர் வேண்டாம். கடைக்காரரிடம் ஒரே ஒரு மாதிரிச் சால்வையைக் காட்சிக்குக் கொடுத்து, பக்கத்தில் அந்த நூலையும் குறிப்பையும் சேர்த்து ஒரு பொதியாக விற்கச் சொல்லிப் பார். நூல் விற்பதில் அவருக்கும் இலாபம் இருக்கிறது. அடுத்தது, யாருக்கும் சொந்தமில்லாத கதைக்குப் போ. ஆயிரத்தொரு இரவுகள் இருக்கும்போது ஏன் இன்னொருவருடைய வாசலில் நிற்க வேண்டும்? பழைய மூலக்கதைக்கு உரிமைக்காரர் இல்லை. புதிதாக வந்த மொழிபெயர்ப்புகளின் வசனத்தை மட்டும் தொடாமலிருந்தால் போதும்.

அவள் அதிலுள்ள பித்தளை நகரத்துக் கதையை எடுத்துக்கொண்டாள். பாலைவனத்தில் மதில் சூழ்ந்து, உள்ளே உயிர் இல்லாமல் கிடக்கும் நகரம். அதற்கு வட்டச் சால்வைதான் பொருத்தம் என்றாள். வட்டத்தைப் பின்னுவதற்கு எலிசபெத் சிம்மர்மான் என்ற பின்னல் ஆசிரியை 1974 இல் வந்த தன் புத்தகத்தில் ஒரு கணக்கைக் கொடுத்திருக்கிறார். வட்டத்தின் ஆரை இரட்டித்தால் சுற்றளவும் இரட்டிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமல்லவா, அதுதான். 9 கண்ணியில் தொடங்கி 18, 36, 72, 144, 288, 576 என்று இரட்டிக்க வேண்டும். ஒவ்வொரு இரட்டிப்புக்கும் நடுவிலுள்ள சுற்றுகளின் எண்ணிக்கையும் 3, 6, 12, 24, 48 என்று இரட்டித்துப் போகும். இடைப்பட்ட வளையங்களில் கூட்டலும் குறைத்தலும் சமமாக இருக்கும் வரை எந்தப் பூவையும் வைக்கலாம். அவள் உள் வளையத்தில் மணல் அலை, அடுத்ததில் மதில், வெளியே கோபுரம் என்று வைத்திருக்கிறாள்.

கடைக்காரர் பொதி விற்கச் சம்மதித்துவிட்டார், முதலில் பத்துத்தான் எடுப்பாராம். இப்போது அவள் ஓரம் கட்டிக்கொண்டிருக்கிறாள். ஓரத்தில் இரண்டு வரி பின்னினால் வட்டத்தின் ஒரு கண்ணி தீரும். 576 கண்ணிக்கு 1152 வரி. 12 வரிக்கு ஒரு முனை வீதம் 96 முனைகள். நேற்றுக் கேட்டபோது நாற்பத்தொன்று முடிந்திருந்தது.