கென்னபெக் ஆற்றங்கரை வீடு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்கு மூலையில் மெயின் என்னும் மாநிலம் உள்ளது. அங்கே கென்னபெக் என்னும் பேராறு அடர்ந்த காடுகளினூடே பாய்ந்து கடலிற் கலக்கின்றது. அதன் கரையில், பிட்ஸ்டன் என்னும் ஊரில், 1765ஆம் ஆண்டில் எழுந்த மரவீடு ஒன்று இன்றும் நிற்கின்றது. அவ்வீடு ரூபன் கோல்பர்ன் என்னும் கப்பல் கட்டுவோருக்கு உரியதாய் இருந்தது.

1775ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடியேற்ற நாட்டார் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துப் போர் தொடங்கினர். கனடாவின் கியூபெக் கோட்டையைக் கைப்பற்ற எண்ணிய வாசிங்டன், பெனடிக்ட் ஆர்னால்டு என்பவரை ஏறத்தாழ 1,100 வீரருடன் மெயின் காட்டு வழியே அனுப்பினார். ஆற்றில் ஏறிச் செல்ல 200 படகுகள் வேண்டும் என்று கோல்பர்னுக்கு ஆணை வந்தது. கிடைத்த காலமோ மூன்று வாரத்திற்கும் குறைவு. உலர்ந்த பலகை போதிய அளவு கிட்டவில்லை. ஆதலின், ஈரம் புலராத பச்சை மரத்தாலேயே படகுகள் செய்யப்பட்டன. செப்டம்பர் மாதம் வந்து சேர்ந்த ஆர்னால்டு அவ்வீட்டில் தங்கி, மேலும் இருபது படகுகள் செய்வித்துப் புறப்பட்டார்.

பச்சை மரம் கனம் மிக்கது, உலருந்தோறும் சுருங்குவது. விரைந்தோடும் நீரிலும் பாறையிலும் மோதிய படகுகளின் இணைப்புகள் விலகின. உட்புகுந்த நீரால் ரொட்டியும் பட்டாணியும் உலர்மீனும் கெட்டன. 180 மைல் என்று கருதிய வழியோ ஏறக்குறைய இருமடங்காய் நீண்டது. பசி தாங்காத வீரர் நாயிறைச்சியையும் காலணித் தோலையும் உண்டனர். ஒரு பிரிவினர் இடைவழியிலேயே திரும்பினர். நவம்பரில் செயின்ட் லாரன்சு ஆற்றை அடைந்தவர் ஏறத்தாழ 600 பேரே. மான்றியலிலிருந்து வந்த மாண்ட்கோமரியின் படையோடு சேர்ந்து, டிசம்பர் 31ஆம் நாள் பனிப்புயலிடையே அவர்கள் கோட்டையைத் தாக்கினர். மாண்ட்கோமரி மாண்டார்; ஆர்னால்டு காலிற் காயமுற்றார்; தாக்குதல் தோற்றது.

இத்தோல்விக்குத் தச்சரைக் குறை கூறுதல் முறையன்று. உடைந்த படகுகளைச் செப்பனிடக் கோல்பர்னே தம் தொழிலாளரோடு படையுடன் சென்றார். தம் கைப்பொருளையும் செலவிட்டார். அப்பொருள் முழுமையும் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. பலமுறை வேண்டியும் பயனின்றிக் கடனில் ஆழ்ந்தார். போதிய காலம் தராமல் பணி கொண்டவர் பிழையைப் பணி செய்தவர் சுமக்க நேர்ந்தது.

‘பதறாத காரியம் சிதறாது’ என்பது நம் முன்னோர் மொழி. கென்னபெக் கரையில் இன்று வரலாற்றுச் சின்னமாய்ப் போற்றப்பெறும் அவ்வீடும் இவ்வுண்மையையே உணர்த்துகின்றது.