குளிர்யந்திரம்: அவசரம் ஆகாது

கொழும்பின் காற்றில் வெப்பத்தோடு ஈரமும் மிகுதி. அதனாலேயே தெமட்டகொடையின் பேஸ்லைன் வீதியோரத்துக் கடைகளுக்கும் காரியாலயங்களுக்கும் குளிர்யந்திரம் வேண்டியிருக்கிறது. 1902ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியியலாளர் வில்லிஸ் காரியர் இதனை வகுத்ததும், புரூக்ளின் அச்சகமொன்றில் காகிதத்தை ஈரத்தினின்று காப்பதற்கே.

நெடுநாள் ஓய்ந்திருந்த பெரிய யந்திரத்தை மீண்டும் இயக்குவது எப்படி? முதலில் 400 வோல்ட் மின்சாரத்தைத் துண்டித்து, பிறர் அறியாது போட்டுவிடாதபடி ஆளியைப் பூட்டுதல் வேண்டும். மின்சாரம் அற்றதைக் கருவியாற் சோதித்த பின்னரே மூடியைத் திறக்கலாம். ஓர் உயிர் அப்பூட்டிலே தங்கியிருக்கிறது! தளர்ந்த கம்பிகளை இறுக்கி, வடிகட்டியைத் துப்புரவாக்கி, மூடியை இட்டபின் மின்சாரத்தைக் கொடுக்கலாம்.

ஆயினும் கொம்பிரசரை உடனே ஓட்டலாகாது. ஓய்ந்திருக்கையில் குளிரூட்டும் வாயு அதன் அடியிலுள்ள எண்ணெயிற் கலந்துவிடும். திடீரென இயக்கினால் எண்ணெய் நுரைத்து வெளியேற, உராயும் உறுப்புகள் வறண்டு தேயும். ஆகவே, அடியிலுள்ள சிறு சூடேற்றி பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் முன்னதாக இயங்குதல் அவசியம்.

ஓட்டம் சீரானபின் செய்யும் திருத்தங்களிலும் நிதானம் வேண்டும். குளிர் குறைந்தவுடன் மேலும் வாயுவைச் செலுத்துவது தவறு. வடிகட்டி அடைபட்டாலும் குளிர் குறையும். வாயு மிகுந்தாலோ அமுக்கம் ஏறி யந்திரம் பழுதாகும். நிறுத்திய யந்திரத்தை மறுபடி இயக்குமுன் சில நிமிடங்கள் பொறுத்தால் அமுக்கம் சமநிலையடையும்.

இவையாவும் பயின்ற தொழிலாளரின் பணிகள். கடையைத் திறக்கும் ஆவலில் அவரை விரைவுபடுத்தாதிருப்பதே நாம் அவருக்குச் செய்யும் உதவியாகும்.