ஓட்டம் முடிந்த நாயும் ஏரிக்கரை நடையும்

நடைப்பயிற்சி மேற்கொள்ளுமாறு கூறும்போதெல்லாம், "துணைக்கு யார் வருவார்?" என்று எம்மிடம் வினவுவோர் பலர். உத்திரமேரூர் ஏரிக்கரையில் உலவ ஒரு நாயும் நல்ல துணையே. குட்டியைவிட வயது வந்த நாயே ஏற்றது என்பது எம் கருத்து.

மக்காவ் நகரின் நாய்ப்பந்தயத் திடல் 2018இல் மூடப்பட்டபோது, 500க்கும் மேற்பட்ட கிரேஹவுண்டு நாய்கள் போக்கிடமின்றி நின்றன. விலங்கு நல ஆர்வலர்கள் அவற்றைப் பராமரித்து, பல நாடுகளில் வீடு தேடித் தந்தனர். மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடிய இந்நாய்கள் வீட்டில் பெரும்பொழுதும் உறங்கியே கழிப்பவை!

நம் சிப்பிப்பாறையும் அதே உடல்வாகு கொண்ட வேட்டை நாய். பூனையோ முயலோ கண்ணில் பட்டால் ஒரே பாய்ச்சல்தான். தலை குறுகியதால் சாதாரணக் கழுத்துப்பட்டை நழுவிவிடும். அகன்ற, இறுகும் பட்டையே வேண்டும். கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளாதீர்கள். அறுவை சிகிச்சை முடிந்தவர்களும் இரத்தம் உறையாமைக்கு மருந்து உண்பவர்களும் கயிற்றைப் பிடிக்கவே வேண்டாம். உடன் வரும் உறவினர் பிடிக்கட்டும், நீங்கள் அருகில் நடந்தால் போதும். புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர் நாயை வீட்டிற்குக் கொணருமுன் மருத்துவரைக் கேட்டறிக.

சென்னையிலுள்ள புளூ கிராஸ் போன்ற காப்பகங்களில் வளர்ந்த நாய்களைத் தத்தெடுக்கலாம். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடப்பட்டதா என்பதை முதலில் கேளுங்கள். தடுப்பூசி போட்ட நாயாயினும், கடித்தாலோ கீறினாலோ, காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.