விழுந்தால் எழுந்து நிற்காதே!

கங்கையில் ரப்பர் படகுப் பயணம்: போகிறவர்கள் தெரிந்து கொள்ள வேண்டியவை

ஆற்றில் தவறி விழுந்தால் என்ன செய்வீர்கள்?

"காலை ஊன்றி எழுந்து நிற்பேன்" என்று சொல்வீர்கள். காவிரியில் குளித்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். தாமிரபரணியில் குதித்து விளையாடியவர்களும் அப்படித்தான் சொல்வார்கள்.

ஆனால், இமயமலையில் இருந்து பாய்ந்து வரும் கங்கையில் அப்படிச் செய்யக் கூடாது. செய்தால் உயிருக்கே ஆபத்து!

ஏன்?

அதைத் தெரிந்து கொள்ள, ரிஷிகேஷுக்குப் போக வேண்டும்.

மலை இடுக்கில் கங்கை

ரிஷிகேஷ், உத்தரகாண்ட் மாநிலத்தில் இருக்கிறது. இமயமலையின் அடிவாரத்தில் உள்ள ஊர். பத்ரிநாத்துக்கும் கேதார்நாத்துக்கும் போகும் யாத்திரிகர்கள் பலர் இந்த ஊர் வழியாகத்தான் போகிறார்கள்.

இங்கிருந்து மலைப் பாதையில் சுமார் 70 கிலோ மீட்டர் மேலே போனால், தேவப்பிரயாகை வரும். பாகீரதி என்ற ஆறும், அலகநந்தா என்ற ஆறும் அங்கே கலக்கின்றன. அதற்குப் பிறகுதான் "கங்கை" என்று பெயர்.

தேவப்பிரயாகையில் இருந்து ரிஷிகேஷ் வரை கங்கை மலை இடுக்கில் வளைந்து வளைந்து ஓடுகிறது. சில இடங்களில் அகலமாக, அமைதியாக ஓடும். சில இடங்களில் ஆறு திடீர் என்று குறுகும். சரிவும் கூடும். நீருக்கு அடியில் பெரிய பெரிய பாறைகள் கிடக்கும். மலையில் இருந்து உருண்டு விழுந்தவை சில. ஓடைகள் அடித்துக் கொண்டு வந்தவை சில.

தண்ணீர் இந்தப் பாறைகளில் மோதும். எழும்பும். சுழலும். காற்றுக் குமிழிகள் கலந்து, பால் போல வெள்ளையாக நுரைக்கும்.

இந்த வெள்ளை நீரில், காற்று அடைத்த ரப்பர் படகில் போவதற்குத்தான் "ராப்டிங்" என்று பெயர்.

கங்கையின் வேகம் சாதாரணமானது அல்ல. எவரெஸ்ட் சிகரத்தில் முதன் முதலாக ஏறியவர்கள் டென்சிங், ஹில்லாரி ஆகிய இருவர். அது 1953-ல் நடந்தது. ஹில்லாரி 1977-ல் இன்னொரு சாகசம் செய்தார். விசைப் படகுகளில், கடல் பக்கம் இருந்து கங்கையை எதிர்த்து மேலே வந்தார். ரிஷிகேஷைத் தாண்டினார். தேவப்பிரயாகையைத் தாண்டினார். நந்தப்பிரயாகை அருகே ஓர் அருவி வழியை மறித்து விட்டது. அதற்கு மேல் படகு போகவில்லை.

எவரெஸ்ட் சிகரத்தை வென்றவரை ஆறு நிறுத்தி விட்டது!

ஆறு தரங்கள்

நுரைத்து ஓடும் இடங்களை உலகம் முழுவதும் ஆறு தரமாகப் பிரித்து இருக்கிறார்கள். முதல் தரம் என்றால், சிறிய அலை. பயம் இல்லை. மூன்றாம் தரம் என்றால், படகைத் தூக்கிப் போடும். ஆள் நனையாமல் தப்ப முடியாது. ஆறாம் தரம் என்றால், கைதேர்ந்தவர்களுக்கும் உயிர் ஆபத்து.

ரிஷிகேஷுக்கு மேலே 16 கிலோ மீட்டர் தூரத்தில் சிவபுரி என்ற இடம் இருக்கிறது. அங்கிருந்து ரிஷிகேஷ் வரை வரும் பயணத்தில் பெரும்பாலும் மூன்றாம் தரம் வரைதான் உண்டு. புதியவர்கள் இதில்தான் போகிறார்கள். இன்னும் மேலே, கௌடியாலா பக்கம் "சுவர்" என்று பெயர் பெற்ற ஓர் இடம் உண்டு. அது நான்காம் தரம். முதல் தடவை போகிறவர்கள் அங்கே ஆசைப்படக் கூடாது.

ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மழை வெள்ளம். அப்போது படகு விடுவது இல்லை. செப்டம்பர் கடைசியில் மறுபடியும் தொடங்குவார்கள்.

ஒரு குடும்பம் புறப்படுகிறது

திருநெல்வேலியில் இருந்து ஒரு குடும்பம் ரிஷிகேஷுக்குப் போகிறது என்று வைத்துக் கொள்வோம். அப்பா, அம்மா, கல்லூரியில் படிக்கும் மகள், 15 வயது மகன், பாட்டி.

பாட்டி படகில் ஏற மாட்டார். அவருக்குச் சிவானந்தர் ஆசிரமத்தைப் பார்க்க வேண்டும். சுவாமி சிவானந்தர் திருநெல்வேலிச் சீமையில் உள்ள பத்தமடையில் பிறந்தவர். டாக்டர் தொழிலை விட்டு, ரிஷிகேஷுக்கு வந்து துறவி ஆனவர். அவர் 1936-ல் அங்கே தொடங்கியதுதான் தெய்வ நெறிக் கழகம். பாட்டிக்கு அது சொந்த ஊர்க்காரர் வீடு மாதிரி!

மற்ற நாலு பேரும் படகுக்குத் தயார்.

முதல் வேலை, நல்ல நிறுவனமாகப் பார்ப்பது. மாநில அரசின் உரிமம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். "கட்டணம் குறைவு" என்று யாரோ தெருவில் கூப்பிட்டால், பின்னால் போகக் கூடாது.

14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை ஏற்றுவது இல்லை. கர்ப்பிணிகள், இருதய நோய் உள்ளவர்கள், வலிப்பு வருகிறவர்கள், அண்மையில் ஆபரேஷன் செய்து கொண்டவர்கள் போகக் கூடாது. குடித்து விட்டுப் போகவே கூடாது.

எதை உடுத்துவது?

புடவை, வேட்டி உதவாது. நனைந்தால் காலைச் சுற்றும். ஜீன்ஸ் கால்சட்டை நனைந்தால் கனக்கும். லேசான, சீக்கிரம் காயும் உடுப்பு நல்லது. காலில் வார் வைத்த செருப்பு வேண்டும். மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் அதைக் கயிற்றால் கட்டிக் கொள்ள வேண்டும். வளையல், மோதிரம், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைப்பது நல்லது. அம்மாவுக்குத் தாலிச் சரட்டைக் கழற்ற மனம் வராது. அதை ரவிக்கைக்குள் நன்றாகச் செருகிக் கொள்கிறார். மாற்று உடையும் துண்டும் பாட்டியிடம் இருக்கின்றன.

ஜீப்பின் கூரையில் படகைக் கட்டி, காலையில் சிவபுரிக்கு அழைத்துப் போகிறார்கள்.

கரையில் ஒரு பாடம்

ஆற்றங்கரையில் வழிகாட்டி நிற்கிறார். படகை நடத்துகிறவர் அவர்தான். இந்தியும் ஆங்கிலமும் பேசுகிறார். மகள் கேட்டுத் தமிழில் சொல்கிறாள்.

முதலில் மிதவைச் சட்டை. வார்களை இறுக்கிய பிறகு, தோள் பட்டையைப் பிடித்து வழிகாட்டி மேலே இழுத்துப் பார்க்கிறார். சட்டை காது வரை ஏறினால், இன்னும் இறுக்க வேண்டும். அடுத்தது தலைக்கவசம்.

பிறகு துடுப்பு. அதன் மேல் முனையில் ஒரு பிடி இருக்கும். ஒரு கை எப்போதும் அந்தப் பிடியின் மேல் இருக்க வேண்டும். கையை எடுத்தால், பக்கத்தில் இருப்பவரின் பல் போய்விடும்!

பிறகு கட்டளைகள். "பார்வர்ட்" என்றால் முன்னால் துடுப்புப் போட வேண்டும். "பேக்" என்றால் பின்னால். "ஸ்டாப்" என்றால் நிறுத்த வேண்டும். "கெட் டவுன்" என்றால் படகுக்குள் குனிந்து உட்கார்ந்து, கயிற்றைப் பிடித்துக் கொள்ள வேண்டும்.

கடைசியில்தான் முக்கியமான பாடம்.

"விழுந்தால் எழுந்து நிற்காதே! மல்லாந்து படு. இரண்டு காலையும் தூக்கி, ஆறு போகும் திசையில் நீட்டு. கால் விரல்கள் தண்ணீருக்கு மேல் தெரிய வேண்டும்."

இதற்குக் காரணம் உண்டு. காலை ஊன்றினால், இரண்டு பாறைகளுக்கு நடுவே கால் மாட்டிக் கொள்ளும். பின்னால் இருந்து தண்ணீர் தள்ளும். உடம்பு முன்னால் சாயும். முகம் தண்ணீருக்குள் போய்விடும். அந்த வேகத்தை எதிர்த்து நிமிர முடியாது. இடுப்பு அளவுத் தண்ணீரிலேகூட ஆள் மூழ்கிப் போகலாம்!

காலை நீட்டிப் படுத்தால், பாறை வரும்போது காலால் உதைத்து விலகலாம். தலையில் அடிபடாது.

அம்மாவுக்கு நீந்தத் தெரியாது. அதனால் ஒவ்வொரு சொல்லையும் கேட்கிறார். வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறார்.

அப்பாவோ வேடிக்கை பார்க்கிறார். சிறு வயதில் தாமிரபரணியை இக்கரைக்கும் அக்கரைக்கும் நீந்தியவர். "நீச்சல் தெரிந்தவனுக்கு இது எதற்கு?" என்பது அவர் எண்ணம்.

படகு கிளம்புகிறது

படகில் உள்ளே பெஞ்சு கிடையாது. படகின் ஓரத்தில் உட்கார வேண்டும். காலைக் குறுக்குக் குழாய்க்கு அடியில் செருகிக் கொள்ள வேண்டும். வழிகாட்டி கடைசியில் உட்காருகிறார். கூடவே ஒருவர் சின்னஞ்சிறு படகில் வருகிறார். விழுந்தவர்களைப் பிடிப்பது அவர் வேலை.

"படகில் ஓட்டை விழுந்தால்?" என்று மகன் கேட்கிறான்.

படகில் காற்று அறைகள் பல உண்டு. ஒன்றில் காற்றுப் போனாலும் மற்றவை தாங்கும். உள்ளே விழும் தண்ணீரும் அடித்தளத்தின் ஓரத்தில் உள்ள துளைகள் வழியாக வெளியே போய்விடும்.

முதலில் அமைதியான நீர். இரு பக்கமும் பச்சை மலை. பிறகு தூரத்தில் "ஓ" என்று ஓர் இரைச்சல். வளைவு திரும்பியதும் வெள்ளை நுரை தெரிகிறது.

"பார்வர்ட்!"

படகு மேலே ஏறுகிறது. கீழே விழுகிறது. பனி உருகி வந்த தண்ணீர் முகத்தில் அறைகிறது. பத்து, இருபது எண்ணுவதற்குள் எல்லாம் முடிந்து விடுகிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள்.

இந்த நுரை ஓட்டங்களுக்குப் பெயர்களும் உண்டு. ஒன்றின் பெயர் "ரோலர் கோஸ்டர்". இன்னொன்று "கோல்ப் கோர்ஸ்". மற்றொன்றின் பெயர் "ரிட்டர்ன் டு செண்டர்". அதாவது, "அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பு" என்று அர்த்தம்!

அப்பா விழுந்தார்

கோல்ப் கோர்ஸ் வருகிறது. அலை பெரிது. எல்லோரும் துடுப்புப் போடுகிறார்கள். அப்பா துடுப்பைத் தூக்கி, மகனிடம் எதையோ காட்டுகிறார்.

படகு ஒரு குலுக்குக் குலுக்குகிறது. அப்பாவைக் காணோம்!

தண்ணீரின் குளிர் அவருடைய மூச்சைப் பிடிக்கிறது. மிதவைச் சட்டை அவரை மேலே தூக்குகிறது. அவர் நீந்தப் பார்க்கிறார். கை வீசுகிறார். ஆறு அவர் சொன்னபடி கேட்கவில்லை. கரை ஓரமாக, பாறைகள் இருக்கும் பக்கம் இழுத்துப் போகிறது. காலில் ஏதோ தட்டுகிறது. தரை! ஊன்றி நின்று விடலாம் என்று நினைக்கிறார்.

அப்போது ஒரு குரல் கேட்கிறது.

"ஏங்க! நிக்காதீங்க! காலைத் தூக்குங்க!"

நீந்தத் தெரியாத அம்மாவின் குரல் அது.

அப்பா காலைத் தூக்குகிறார். மல்லாந்து படுக்கிறார். எதிரே ஒரு பாறை. காலால் உதைத்து விலகுகிறார்.

வழிகாட்டி ஒரு கயிற்றுப் பையை வீசுகிறார். அப்பா கயிற்றைப் பிடிக்கிறார். கையில் சுற்றக் கூடாது. நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். படகு அருகே வந்ததும், வழிகாட்டி அவருடைய மிதவைச் சட்டையின் தோள் பட்டைகளைப் பற்றி, பின்னால் சாய்ந்து இழுக்கிறார். கையைப் பிடித்து இழுப்பது தவறு. ஈரக் கை வழுக்கி விடும்.

அப்பா படகுக்குள் வந்து விழுகிறார். யாரும் பேசவில்லை. மகன் அப்பாவின் கையைப் பிடித்துக் கொள்கிறான்.

யாருக்கு ஆபத்து?

பயப்படுகிறவர் கவனிக்கிறார். வாரை இறுக்குகிறார். சொன்னபடி செய்கிறார். "எனக்குத் தெரியும்" என்பவர் பாடத்தைக் கேட்பது இல்லை. இன்னொருவர் செல்போனில் படம் எடுப்பதற்காக ஒரு கையைத் துடுப்பில் இருந்து எடுக்கிறார். வேறொருவர் வார் இறுக்குகிறது என்று தளர்த்தி விடுகிறார். ஆறு இவர்களைத்தான் முதலில் பிடிக்கிறது.

நீந்தத் தெரிந்து இருப்பது நல்லதுதான். ஆனால், குளத்து நீச்சல் வேறு. பாய்ந்து ஓடும் ஆறு வேறு. இது கங்கைக்கு மட்டும் அல்ல. பாறை நிறைந்த ஆறு எங்கே வேகமாக ஓடினாலும் இதே விதிதான். தண்ணீர் முழங்காலுக்குக் கீழே வரும் வரை எழுந்து நிற்கக் கூடாது.

கரையில் பாட்டி

இரண்டு மணி நேரம் கழித்து, தொங்கு பாலங்கள் உள்ள பகுதிக்கு அருகே பயணம் முடிகிறது. படகைக் கரைக்கு இழுக்கிறார்கள். குளிரில் பல் கிட்டுகிறது. பாட்டி துண்டோடு காத்து இருக்கிறார். சூடான தேநீரும் வருகிறது.

பாட்டி மகனின் தலையைத் துவட்டி விடுகிறார்.

"என்னய்யா, கங்கையில நீந்துனியா?" என்று கேட்கிறார்.

அப்பா அம்மாவைப் பார்க்கிறார்.

"இல்லம்மா. அவ சொன்னா. மல்லாந்து படுத்தேன்" என்கிறார்.