விமானத்தின் மேனியில் விரிசல்

ரயில் நிலையத்தில் வண்டி நின்றதும் ஒருவர் நீண்ட சுத்தியலுடன் சக்கரம் சக்கரமாகத் தட்டிக்கொண்டு போவதைப் பழைய பிரயாணிகள் பார்த்திருப்பார்கள். கணீரென்று ஒலித்தால் சக்கரம் நலம். ஒலி மந்தமாக இருந்தால் சந்தேகம். ஆகாய விமானத்துக்கும் விரிசல் சோதனை உண்டு. ஆனால் அங்கே சுத்தியல் போதாது.

உயரத்தில் வெளிக்காற்று மெலிந்திருக்கும். பிரயாணிகள் மூச்சுவிடுவதற்காக உள்ளே காற்றை அழுத்தி நிரப்புகிறார்கள். விமானத்தின் உடல் இம்மியளவு உப்புகிறது, இறங்கியதும் சுருங்குகிறது. கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் கடைசியில் ஒடியுமே, அதே கதைதான். ஆகவே விமானத்துக்கு எத்தனை வயது என்பதைவிட, எத்தனை முறை ஏறி இறங்கியது என்பதே முக்கியம்.

உலகம் இதைக் கற்றது 1954-ல். அவ்வாண்டு ஜனவரியிலும் ஏப்ரலிலும் பிரிட்டனின் காமெட் ஜெட் விமானங்கள் இரண்டு, இத்தாலியை அடுத்த கடலின் மேல் நடுவானில் சிதறின. (1953 மே மாதம் கல்கத்தாவிலிருந்து டில்லிக்குக் கிளம்பிய காமெட் நொறுங்கி 43 பேர் மாண்டது புயலில் சிக்கியதால். அது வேறு.) ஃபார்ன்பரோவில் ஒரு காமெட்டைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி, உள்ளே நீரை ஏற்றியும் இறக்கியும் அழுத்திப் பார்த்தார்கள். முன்பு பறந்த கணக்கையும் சேர்த்து 3,057-வது தடவையில் உடல் கிழிந்தது.

கூரை பறந்தது

1988 ஏப்ரல் 28. ஹவாய்த் தீவுகளில் ஹிலோவிலிருந்து ஹானலூலுவுக்குப் புறப்பட்டது அலோஹா நிறுவனத்தின் போயிங் 737. உள்ளே 95 பேர். 24,000 அடி உயரத்தில் கூரை சுமார் 18 அடி நீளத்துக்குப் பிய்ந்து பறந்தது. பிரயாணிகள் திறந்த வானத்தின் கீழ் உட்கார்ந்திருந்தார்கள்! மௌயித் தீவில் விமானி எப்படியோ பத்திரமாக இறக்கிவிட்டார். நின்றுகொண்டிருந்த பணிப்பெண் ஒருவர் மட்டும் வெளியே இழுக்கப்பட்டு மாண்டார். 37 ஆண்டுகள் சேவை செய்தவர்.

தீவுக்குத் தீவு தாவும் அந்த விமானம் 19 ஆண்டுகளில் 89,680 தடவை பறந்திருந்தது. போதாததற்குக் கடலின் உப்புக் காற்று. தகடுகளை ஒட்டிய பசை விட்டுப்போய், சுமை முழுவதும் ரிவெட்டுகளின் மேல் விழுந்தது. ஏறும்போதே வாசலருகில் விரிசலைக் கண்ட பிரயாணி ஒருவர் உண்டு. யாரிடமும் சொல்லவில்லை. அவரைக் குறைகூற மனம் வரவில்லை. பார்க்கவேண்டியவர்கள் பார்த்திருப்பார்கள் என்றுதானே நாமும் நினைப்போம்?

பார்க்க வேண்டியவர்களின் பாடும் லேசல்ல. பறக்காத நேரம் இரவுதான். டார்ச்சும் கண்ணாடியும் வைத்துக்கொண்டு, ஆயிரக்கணக்கான ரிவெட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கம் சொக்கும் வேளையில் பார்க்கவேண்டும். கண்ணுக்குத் தப்புவதற்குக் கருவிகள் உண்டு. சிவப்புச் சாயத்தைப் பூசித் துடைத்துவிட்டு வெள்ளைப் பொடியைத் தெளித்தால், விரிசலுக்குள் புகுந்த சாயம் சிவப்புக் கோடாக எழும்பும். கம்பிச்சுருளால் தகட்டில் சுழல் மின்சாரம் பாய்ச்சினால், விரிசல் உள்ள இடத்தில் மீட்டர் காட்டிக்கொடுக்கும். நம் தண்டவாளங்களைச் சோதிக்கும் அல்ட்ராசானிக் ஒலியும் அங்கே உதவுகிறது.

இத்தனைக்குப் பிறகும் 2019-ல் ஒரு பழைய போயிங் 737-ஐச் சரக்கு விமானமாக மாற்றுவதற்குப் பிரித்தபோதுதான், இறக்கையை உடலோடு பிணைக்கும் 'பிக்கிள் ஃபோர்க்' என்ற பாகத்தில் விரிசல் தெரிந்தது. 30,000 தடவைக்கு மேல் பறந்த அவ்வகை விமானங்களை ஏழு நாட்களுக்குள் சோதிக்க அமெரிக்க அரசு உத்தரவிட்டது. மற்ற விமானங்கள் சிலவற்றிலும் விரிசல் அகப்பட்டது. அவை பழுது பார்க்கும் வரை தரையிலேயே நிறுத்தப்பட்டன.